22 ஆண்டு வழக்கு: கண்ணகிக்காக கோர்ட்டில் நின்றது யார்?

2025 ஏப்ரல் 28 அன்று, கண்ணகி – முருகேசன் ஆணவக் கொலை வழக்கில் குற்றவாளிகளின் மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று மொபைலில் வந்த செய்தியைப் பார்த்த இளைஞர்கள் பலருக்கு, ‘இது எந்த கேஸ்?’ என்றுதான் முதலில் தோன்றியிருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொலை நடந்தது 2003 ஜூலையில். அந்த மாதம் பிறந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது கல்லூரி முடித்து வேலை தேடும் வயதில் இருந்தது.

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் அருகே உள்ள புதுக்கூரைப்பேட்டைதான் இருவருக்கும் ஊர். முருகேசன் பட்டியலினத்தைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி, வயது 25. கண்ணகி வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த பட்டதாரி, வயது 22. கண்ணகியின் தந்தை ஊராட்சித் தலைவராக இருந்தவர். 2003 மே 5 அன்று இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, ஜூலை 8 அன்று, ஊரார் பார்த்துக்கொண்டிருக்கவே இருவருக்கும் விஷம் புகட்டப்பட்டது. உடல்கள் தனித்தனியாக எரிக்கப்பட்டன.

கொலையோடு அந்தக் குடும்பத்தின் துயரம் முடிந்திருந்தால் அதுவே தாங்க முடியாதது. ஆனால், அடுத்து நடந்ததைப் பாருங்கள். போலீஸ் வழக்கே பதிவு செய்யவில்லை. ஊடகங்களில் செய்தி வந்த பிறகு, ஒன்பது நாள் கழித்து, ஜூலை 17 அன்றுதான் முதல் தகவல் அறிக்கை போடப்பட்டது. அதிலும் ஒரு ‘சமரசம்’ இருந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து கொன்றதுபோல, கண்ணகி தரப்பினருடன் முருகேசனின் குடும்பத்தாரையும் போலீஸ் குற்றவாளிகளாகச் சேர்த்தது. மகனை இழந்த வீட்டார், மகனைக் கொன்றவர்கள் என்ற பட்டத்தோடு கோர்ட் படியேற வேண்டியிருந்தது. 2004-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றிய பிறகே அந்தக் கதை உடைந்தது. பொய்யாக வழக்கை ஜோடித்த இரண்டு போலீஸ் அதிகாரிகளும் பின்னாளில் இதே வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள்.

2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் சகோதரருக்கு மரண தண்டனை, தந்தை உள்ளிட்ட 12 பேருக்கு ஆயுள் தண்டனை. 2022 ஜூனில் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இரண்டு பேரை விடுதலை செய்தது. காவல் அதிகாரிகளில் ஒருவரின் தண்டனையை இரண்டு ஆண்டாக்கியது. மற்றவை நின்றன. அதைத்தான் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கேஸ் யாருடையது?

கொலை வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்ட குடும்பம் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் சாட்சி மட்டுமே. சம்மன் வந்தால் போக வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். சாட்சியம் சொல்லும் நாள் வரும்வரை, பல வழக்குகளில் கோர்ட் ஹாலுக்குள்கூட உட்கார முடியாது. வராந்தாவில்தான் நிற்க வேண்டும். தனியாக வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அவர் அரசு வழக்கறிஞருக்கு உதவலாமே தவிர, வழக்கைத் தன் கையில் எடுக்க முடியாது.

காகிதத்தில் இப்படி. நடைமுறையில் அந்தக் குடும்பம் விட்டுவிட்டால் கேஸ் நகராது. 2015-ல் கொல்லப்பட்ட ஓமலூர் கோகுல்ராஜ் வழக்கில் அதைப் பார்த்தோம். நாமக்கல்லில் நியாயமான விசாரணை நடக்காது என்று மனு போட்டு வழக்கை மதுரைக்கு மாற்ற வைத்தவர் அவருடைய தாய். தங்களுக்கு நம்பிக்கையான சிறப்பு அரசு வழக்கறிஞர் வேண்டும் என்று போராடியதும் அவர்தான். முக்கிய சாட்சியே பிறழ்ந்த அந்த வழக்கில், திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவுகள் கைகொடுத்தன. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். தனி மனுஷியாக அந்தத் தாய் விடாமல் அலைந்திருக்காவிட்டால் இதில் எத்தனை நடந்திருக்கும்?

விடாமல் அலைவது என்றால் என்னவென்று மாதச் சம்பளத்தில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது எளிது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் லீவு. கூலி வேலை என்றால் அன்றைய கூலி போச்சு. பஸ் ஏறி கோர்ட்டுக்குப் போனால், நீதிபதி விடுப்பு, வக்கீல் வரவில்லை, குற்றம்சாட்டப்பட்டவரை சிறையிலிருந்து அழைத்துவர எஸ்கார்ட் இல்லை என்று ஏதோ ஒன்று. அடுத்த தேதி. ஊருக்குத் திரும்பினால் ‘கேஸ் என்னாச்சு?’ என்ற கேள்வி. ‘தள்ளி வெச்சிருக்காங்க’ என்ற அதே பதில். இதற்கிடையே வீட்டில் இன்னொரு பிள்ளைக்குப் படிப்பு, கல்யாணம். எல்லாமே ‘இந்த கேஸ் முடியட்டும்’ என்று காத்திருக்கும்.

கடைசியில் கூண்டில் ஏறும்போது, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவை மணிவாரியாகச் சொல்ல வேண்டும். அன்று போலீஸிடம் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் ஒரு சின்ன வேறுபாடு வந்தால் போதும், குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். எதிர்த்தரப்பு வக்கீலைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அவர் வேலை. தாமதம்தான் அவர் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறது.

81 சாட்சிகள், 36 பிறழ்சாட்சிகள்

கண்ணகி – முருகேசன் வழக்கில் விசாரிக்கப்பட்ட 81 சாட்சிகளில் 36 பேர் பிறழ்சாட்சியானார்கள். கோபப்படுவது சுலபம். ஆனால், ஒரே ஊர், ஒரே டீக்கடை, ஒரே ரேஷன் கடை. சாட்சி சொன்னவர் மறுநாள் காலையில் குற்றம்சாட்டப்பட்டவரின் சொந்தக்காரர் நிலத்தில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால், பதினைந்து ஆண்டுகள் அவரை உறுதியாக நிற்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பிறழ்ந்தவரின் சாட்சியம் முழுதாகக் குப்பைக்குப் போய்விடாது. அதில் நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். முருகேசனின் சிற்றன்னை சொன்ன சாட்சியத்தையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. உறவினர் என்பதற்காகவே ஒருவரின் சொல்லைத் தள்ளிவிட முடியாது.

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று 2018 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்க வேண்டியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்தால், காவல் துறை அச்சுறுத்தலை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். வீட்டுக்குக் காவல் முதல் வேறு இடத்தில் குடியேற்றுவது வரை கேட்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும், சாட்சிகளின் பயணச் செலவைத் தர வேண்டும் என்கிறது. எல்லாம் சரிதான். இப்படியொரு பிரிவு இருப்பதை அந்தக் குடும்பத்துக்கு யார் சொல்வது என்பதில்தான் பெரும்பாலும் எல்லாம் நின்றுவிடுகிறது.

கெடு என்ன ஆனது?

ஆணவக் கொலை வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றத்தில் நாள்தோறும் விசாரித்து, கூடுமானவரை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் ‘சக்தி வாஹினி’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலுவையில் உள்ள வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்றது. அப்போது கண்ணகி – முருகேசன் வழக்கு நிலுவையில்தான் இருந்தது. கொலை நடந்து 15-வது ஆண்டு. தீர்ப்பு வந்தது அதற்கும் மூன்றரை ஆண்டு கழித்து! வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கறார்: குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதம். ‘கூடுமானவரை’ என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை ஆண்டுகள் அடங்கும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

தாமதம் எதிர்த்தரப்புக்கு லாபம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 2022-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்த இரண்டு பேரையும் அவர்கள் குடும்பங்களையும் யோசித்துப் பாருங்கள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் என்ற சொல் அவர்களுக்குக் கிடைக்க கொலை நடந்து 19 ஆண்டு ஆனது. சிறையில் மனு போட்டுப் பார்க்கப் போவது, வக்கீல் ஃபீஸுக்கு நிலத்தை விற்பது, ‘கொலைகாரன் வீடு’ என்ற பேச்சு இவை குற்றம்சாட்டப்பட்டவரின் மனைவி மக்களுக்கும் உண்டு. இதைச் சொல்வது குற்றத்தைச் சிறிதாக்குவது ஆகாது.

மகளின் தரப்பு

ஆணவக் கொலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இறந்தவரின் குடும்பமும் கொன்றவரின் குடும்பமும் ஒன்றாகவே இருக்கலாம். 2016-ல் உடுமலை பஸ் நிலையம் அருகே சங்கர் கொல்லப்பட்ட வழக்கில், தாக்குதலில் உயிர் தப்பிய கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். அவர்களுடைய ஜாமீன் மனுக்களை எதிர்த்து நின்றார். 2017-ல் மரண தண்டனை பெற்ற தந்தையை 2020-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவராவது தன் தரப்பைச் சொல்ல உயிரோடு இருந்தார்.

கண்ணகிக்கு யார் இருந்தார்கள்? ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல்லில் இறந்தவரின் சட்டப்படியான வாரிசையும் குற்ற நடைமுறைச் சட்டம் சேர்க்கிறது. விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. மேல்முறையீட்டின் நடுவே அவரும் இறந்துபோனால், அவருடைய வாரிசு தொடரலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்குகள் எத்தனை ஆயுளைத் தின்கின்றன என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி. ஆனால், பெற்ற தந்தையும் உடன்பிறந்தவரும் குற்றவாளிக் கூண்டில் இருக்கும்போது, ஒரு பெண்ணின் வாரிசு யார்?

விடை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவில் இருக்கிறது. திருமணமான, குழந்தை இல்லாத பெண் இறந்தால், முதலில் கணவர். அவர் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். அதற்குப் பிறகுதான் அவளைப் பெற்றவர்கள். பெண்களுக்குப் பாதகமானது என்று நியாயமாகவே விமர்சிக்கப்படும் பிரிவு இது. இந்த ஒரு வழக்கில் மட்டும் அதன் வரிசை வேறு மாதிரி விழுகிறது. பதிவுத் திருமணம் செய்த கண்ணகிக்குச் சட்டத்தின் கணக்கில் சொந்தம், முருகேசனின் வீடுதான். அவளுக்கும் சேர்த்து 22 ஆண்டு கோர்ட் வாசலில் நின்றதும் அந்த வீடுதான்.

முருகேசனின் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் கூட்டாக ஐந்து லட்சம் ரூபாயைத் தமிழக அரசு வழங்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்புக்கு மூன்று மாதம் கழித்து, 2025 ஜூலையில், மென்பொறியாளர் கவின் திருநெல்வேலியில் கொல்லப்பட்டார். உடலை வாங்க மறுத்து அவருடைய குடும்பம் போராடியது. அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. புதிய சட்டத்தில் தண்டனை எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். கொலைக்கான தண்டனை ஏற்கெனவே கடுமையானதுதான். தேட வேண்டியவை வேறு: எஃப்ஐஆர் போட மறுத்த அதிகாரி மீது எத்தனை நாளில் நடவடிக்கை, சாட்சிக்குப் பாதுகாப்பை அவர் கேட்காமலேயே கொடுப்பார்களா, கோர்ட்டுக்கு வந்துபோகும் நாளின் கூலியை யார் தருவது, விசாரணை கெடுவைத் தாண்டினால் யார் பதில் சொல்வது.