எழுதிச் சென்றவர் திரும்பி வரவேண்டும்

திண்டிவனத்தில் நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டு மகள் கல்லூரியில் முதுகலை பயில்கின்றாள். தன் ஆய்வேட்டுக்கு இருளர் மக்களின் பண்பாட்டைப் பொருளாகக் கொண்டிருப்பதாகக் கூறி, திரட்டி வைத்திருந்த குறிப்பேடுகளை நம்மிடம் காட்டினாள். முத்து முத்தான எழுத்து. நூலகத்தில் பல நாள் உழைத்திருக்கின்றாள். மகிழ்ந்து படித்த நாம், “இம்மக்களின் குடியிருப்புக்குப் போனாயா, மகளே?” என்று கேட்டோம். அவள் தலை குனிந்தாள். இருளர் குடிசைகளோ அவள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கின்றன.

அவளை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நூல்களைத் தேடுவோர் முதலில் காண்பது எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலையே. நீலகிரி இருளர் வேறு, செங்கற்பட்டு, ஆற்காடு மாவட்டங்களின் இருளர் வேறு என்று அவர் பிரித்தே எழுதியுள்ளார். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தென்னாற்காட்டைச் சேர்ந்தவை. ஆயினும், மனிதரின் மூக்கையும் மண்டையையும் கருவி கொண்டு அளந்து குலங்களை ஆராய்ந்த காலம் அது. அளக்கப்பட்டவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை எந்த அளவுகோல் காட்டும்? பின்னர், செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1973 முதல் இருளர் மொழியைப் பற்றி அரிய நூல்களை எழுதினார். ஆனால் அவர் ஆராய்ந்தது நீலகிரி இருளரின் தனிமொழி. நம் பகுதி இருளர் பேசுவது தமிழே. இவ்வேறுபாட்டை அறியாமல், மலைநாட்டுச் சொற்களையெல்லாம் திண்டிவனத்து இருளரின் சொற்களாக அம்மகள் எழுதி வைத்திருந்தாள்.

நூலில் அகப்படாத கல்வி அக்குடிசைகளில் இருக்கின்றது. வயல் வரப்பில் எலி வளையைக் கண்டறிந்து, புகையூட்டி எலியைப் பிடித்து, அது பதுக்கிய நெல்லையும் தோண்டி எடுக்கும் திறம் அவர்களுடையது. பச்சிலைகளின் குணம் அறிந்தவர்கள். பாம்பின் தடம் பார்த்துப் பின்செல்வார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்துப் பாம்புத்தோல் வணிகம் நின்று, அதை நம்பியிருந்த இருளர் பிழைப்பு இழந்தனர். அந்தத் திறமையே 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமாக உருக்கொண்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துப் பாம்புகளை மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து ஆகும் மருந்தே பாம்பு கடித்தவரின் உயிரைக் காக்கின்றது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

மாசி மகத்தன்று இம்மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவர். மணலில் கோயில் எழுப்பிக் கன்னியம்மனை வழிபடுவர். திருமணங்களும் அங்கே நிகழும்.

இதையெல்லாம் எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. தமிழ்நாட்டில் இருளர் நெடுங்காலமாகப் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். அருகிலுள்ள புதுச்சேரியிலோ, அதே மக்கள் 2016-ஆம் ஆண்டில்தான் அப்பட்டியலில் இடம் பெற்றனர். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு சாதிச் சான்றிதழ் இன்றித் தடைப்பட்டிருக்கும்! ஒரு மக்கள் இன்னார் என்று நாட்டுக்கு உணர்த்த, உண்மையாக எழுதப்பட்ட பதிவும் துணை நிற்கும். தவறாக எழுதப்பட்டதோ அவர்களுக்கே இடையூறாகும்.

கடல் கடந்த கனடாவிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. அந்நாட்டின் கீழைக் கரையில் வாழும் மிக்மாக் பழங்குடியினரின் தலைவர் மெம்பெர்ட்டு 1610-ஆம் ஆண்டு ஜூன் 24-இல் திருமுழுக்குப் பெற்றார். 1677-இல் குருவானவர் கிறேசியன் லெ கிளெர்க், சிறுவர்கள் செபங்களை நினைவிற்கொள்ள மரப்பட்டையில் கரியால் குறிகள் இடுவதைக் கண்டார். அவற்றை அவர் அழிக்கவில்லை. அவற்றைக்கொண்டே செபங்களைக் கற்பித்தார். அச்சித்திர எழுத்து தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. ஆனால் அதே மண்ணில், 1930 முதல் 1967 வரை, நம் திருச்சபையினர் நடத்திய ஷுபெனகாடி உறைவிடப் பள்ளியில், தாய்மொழி பேசிய மிக்மாக் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவுக்கே சென்று, இத்தகைய பள்ளிகளில் நிகழ்ந்த கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டில் நோவா ஸ்கோஷியா மாநிலம் மிக்மாக் மொழியைத் தன் முதல் மொழியாகச் சட்டத்தில் ஏற்றது. ஒரு குருவானவர் குனிந்து கவனித்தார். பின்வந்தோர் வாயை அடைத்தனர். இரண்டும் நம்மவர் செய்தவையே. ஆகவே பிறர் பண்பாட்டைத் தொடும்போது நமக்கு அச்சமும் பணிவும் வேண்டும்.

அம்மகள் அடுத்த ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் தாயாருடன் குடியிருப்புக்குச் சென்றாள். அங்கிருந்த மூதாட்டியிடம், “ஆயா, உங்க கதையைக் கேக்க வந்திருக்கேன்” என்றாளாம். “எழுதிகினு போனவங்க ஒருத்தரும் திரும்பி வரலியே, பாப்பா” என்றாராம் அவர்.

அவ்வொரு சொல்லில் ஆய்வு நெறி முழுவதும் அடங்கியிருக்கின்றது. பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய ஆய்வில் இறங்கினால் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். அனுமதி கேட்டபின் எழுதட்டும். சொன்னவர் விரும்பினால் அவர் பெயரைக் குறிக்கட்டும். வெளியிட வேண்டாம் என்றதை மறைத்துக் காக்கட்டும். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். முடிந்த ஆய்வேட்டின் ஒரு படியை அக்குடியிருப்பில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

நம் ஆண்டவர் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் முதலில் தண்ணீர்தான் கேட்டார். பெறுகின்ற கையோடு அவர் அவளை அணுகினார். அம்மகளும் இப்போது ஞாயிறுதோறும் அக்குடியிருப்புக்குச் செல்கின்றாள். பழைய குறிப்பேட்டில் பாதியை அடித்துவிட்டதாகச் சொன்னாள். அந்த ஆயா அவளுக்காகக் காத்திருக்கின்றாராம்.