பேரைக் கேளுங்கள், கூலியைப் பூட்டாதீர்கள்

மும்பையில் உழைத்துப் பிழைக்கும் நம் மக்களின் மடியில் இன்று ரொக்கம் குறைவு. கூலி வங்கிக் கணக்கில் விழுகிறது. ஊருக்குப் போகும் பணம் கைபேசி வழியே போகிறது. விடிகாலையில் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தோடு கிளம்புகிறவர்கூட ஹாண்டில்பாரில் ஒரு க்யூ.ஆர். அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு, மாதம் பிறந்த ஏழாம் தேதி, "உங்கள் அடையாளம் சரிபார்க்கப்படவில்லை, கணக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது" என்று கைபேசியில் ஒரு வரி வந்தால் என்ன ஆகும்? வாடகை நிற்கும், மளிகைக் கடைக்காரர் முகம் மாறும், ஊரில் காத்திருக்கும் தாய்க்கு மருந்து வாங்க முடியாது. இந்த ஒரு வரி இப்போது நம் வீடுகளுக்கு அடிக்கடி வருகிறது.

அடையாளம் கேட்பதே அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. கறுப்புப் பணத்தை வெளுப்பதைத் தடுக்க 2002-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அது 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்கு வைத்திருப்பவர் யார் என்று வங்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் கீழ் வந்த ஏற்பாடு. "கே.ஒய்.சி." என்று கவுண்டரில் சொல்லுவது இதைத்தான். மோசடிக்காரர்கள் களவுப் பணத்தை ஏழைகளின் கணக்கு வழியாகக் கடத்துகிறார்கள். சில நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் முன்பின் தெரியாதவனிடம் கொடுத்துவிட்டுப் பிறகு போலீஸ் வாசலில் நிற்கும் இளைஞர்கள் நம் சால்களிலும் உண்டு. ஆகவே பேரைக் கேட்கட்டும். யாரிடம், எப்படி, எதைப் பிணையாக வைத்துக்கொண்டு கேட்கிறார்கள் என்பதில்தான் நமக்கு வழக்கு.

நாம் விண்ணப்பம் போட்டுக் கேட்டா இந்தக் கைபேசிப் பணம் வந்தது? 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கூலியை நோட்டாகக் கொடுக்க முதலாளியிடம் நோட்டு இல்லை. அப்போதுதான் கைபேசிப் பணப்பைகள் தெருத் தெருவாக வந்தன. ஒரு கைபேசி எண் இருந்தால் போதும், வேறு காகிதம் வேண்டாம் என்றார்கள். அப்படிப்பட்ட பைகளில் வைத்துக்கொள்ளும் தொகையைக்கூட அந்த மாதமே 10,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக உயர்த்திக் கொடுத்தார்கள். மக்கள் பழகிய பிறகு, 2017 அக்டோபர் 11-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஆணை வந்தது: இத்தனை மாதத்துக்குள் முழு அடையாளம் கொடுக்காவிட்டால் மேற்கொண்டு பணம் போட முடியாது. உள்ளே இருக்கும் பணத்தைச் செலவழிக்கலாம் என்றும் அதே ஆணையில் இருந்தது. கைபேசித் திரையில் மிரட்டல் பெரிய எழுத்தில் வந்தது. இந்தச் சலுகை எத்தனை பேர் கண்ணில் பட்டது?

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பணப்பை என்பது வேறு, யு.பி.ஐ. என்பது வேறு. பணப்பையில் பணம் அந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. அங்கே அடையாளம் கேட்பது கம்பெனி. யு.பி.ஐ.யில் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது, செயலி வெறும் வாசல். கே.ஒய்.சி. காரணமாக வங்கி கணக்கை நிறுத்தினால் எந்தச் செயலியிலும் பணம் நகராது. அதற்கு வங்கிக்குத்தான் போக வேண்டும், செயலிக்காரனோடு போராடிப் பயனில்லை.

வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது விலாசம். ஆதாரில் திருநெல்வேலி கிராமத்து விலாசம். இருப்பதோ ஒரு மாடிக் கோளியில், வாடகைக்கு. ஒப்பந்தக் காகிதம் கொடுக்க வீட்டுக்காரர் மாட்டார். லைட் பில் அவர் பேரில், தண்ணீர் பில் யார் பேரிலும் இல்லை. "இந்த ஊர் விலாசத்துக்கு அத்தாட்சி கொண்டு வா" என்று கவுண்டரில் சொல்லிவிடுகிறார்கள். அத்தாட்சி கேட்கப்படுவது நமக்குப் புதிதல்ல. 1976 ஜனவரியில் குடிசைக் கணக்கெடுப்பு நடத்திப் போட்டோ பாஸ் கொடுத்த காலம் முதல், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், குடிசை மாற்று வீட்டுக்குத் தகுதித் தேதி என்று, இந்த நகரில் நாம் இருக்கிறோம் என்பதை நாமே நிரூபித்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர்களின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் துணியைவிடக் காகிதம்தான் அதிகம்.

ஆனால் கவுண்டரில் சொல்வதும் விதியில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை நம் தோழர்கள் அறிய வேண்டும். ஆதார் எண்ணைக் கொடுத்து விரல்ரேகையோ ஓ.டி.பி.யோ மூலம் சரிபார்த்துக்கொண்டவர், தாம் இப்போது குடியிருக்கும் விலாசம் வேறு என்றால், அதைத் தம் கையெழுத்திட்ட உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. பழைய கணக்குக்கு மறுபடி கே.ஒய்.சி. கேட்கும்போது எதுவும் மாறவில்லை என்றால், "மாற்றமில்லை" என்று எழுதிக் கொடுத்தால் போதும். விலாசம் மட்டும் மாறியிருந்தாலும் புது விலாசத்தை எழுதிக் கொடுக்கலாம். இரண்டு மாதத்துக்குள் அதைச் சரிபார்த்துக்கொள்வது வங்கியின் வேலை. அவர்களிடம் இருக்கும் பழைய ஆவணம் காலாவதி ஆகிவிட்டது, அல்லது இன்றைய விதிக்குப் போதாது என்றால்தான் புதிதாகக் கேட்க வேண்டும். இந்த உறுதிமொழியை வங்கி மித்ராவிடமே கொடுக்கலாம் என்று 2025 ஜூன் 12-ஆம் தேதி ஆணையில் சேர்த்தார்கள். இரண்டு வருஷம் தொடாமல் விட்டுச் செயலற்றுப் போன ஊர்க் கணக்கையும், ஊருக்கு ரயிலேறாமல், அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கே.ஒய்.சி. கொடுத்து உயிர்ப்பிக்க அதே தேதியில் வழி செய்யப்பட்டது. ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கும் மனிதனுக்கு இவற்றில் எதைச் சொல்லுகிறார்கள்?

அந்த ஜூன் ஆணையில் இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. கெடு வருவதற்கு முன் குறைந்தது மூன்று முறை அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். கெடு முடிந்த பிறகும் அதே போல மூன்று நினைவூட்டல். ஆபத்துக் குறைந்தவர் என்று வகைப்படுத்தப்பட்ட வாடிக்கையாளருக்குக் கெடு தாண்டிய பிறகும் ஓராண்டு வரை எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் அனுமதிக்க வேண்டும். நம்மைப் போன்ற கூலிக்காரர்களில் பெரும்பாலோர் இந்த வகையில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். நினைக்கத்தான் முடியும், ஏனென்றால் எவரை எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்பதை அவரிடமே சொல்லக் கூடாது என்பதும் விதி!

அடுத்தது பேர். இது தமிழனுக்கென்றே வாய்த்த துன்பம். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. தகப்பன் பேரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். படிவமோ முதற்பேர், கடைசிப்பேர் என்று இரண்டு கட்டம் போட்டு நிற்கிறது. பான் அட்டையில் முதலெழுத்தை மட்டும் கடைசிப்பேராக எழுத விடுவதில்லை, விரித்து எழுதச் சொல்கிறார்கள். இதனால் ஆதாரில் மா. முருகேசனாக இருப்பவர் பான் அட்டையில் முருகேசன் மாடசாமி ஆகிறார், வங்கியில் வெறும் முருகேசன். இயந்திரத்தின் கண்ணுக்கு இவர்கள் மூன்று ஆட்கள். பெண்கள் பாடு இதைவிடக் கஷ்டம். கல்யாணத்துக்கு முன் தகப்பன் எழுத்து, பின் கணவன் எழுத்து. போதாக்குறைக்கு நம் 'ழ'கரத்தை ஆங்கிலத்தில் ஒரு குமாஸ்தா ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதிவைத்திருப்பார். தமிழ்ச்செல்வி என்ற பெண்ணுக்கு இந்த நகரில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று அவளுக்கே தெரியாது. இது ஏமாற்று அல்ல, ஒரு மக்கள் கூட்டத்தின் பேர் வைக்கும் வழக்கம். அதற்குத் தக்கபடி படிவம்தான் வளைய வேண்டும்.

விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் பதனிட்ட கை, சிமெண்டு கலக்கிய கை, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த கை. ரேகை தேய்ந்து இயந்திரம் அடையாளம் காண மறுக்கிறது. ஓ.டி.பி. வரும் என்றால், ஆதாரில் கொடுத்த பழைய சிம் எப்போதோ தொலைந்து போயிற்று. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், இணைய வழிச் சேவையை அடைவது வாழும் உரிமையின் பகுதி என்றது. காமிராவின் முன் கண்ணிமைத்துக் காட்ட இயலாத, அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவரும் தொடுத்த வழக்கு அது. கண்ணுக்குப் பொருந்திய நியாயம் உழைத்துத் தேய்ந்த விரலுக்கும் பொருந்தாதா என்று கேட்கிறோம். அத்தீர்ப்பையொட்டி அந்த ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தி, கே.ஒய்.சி. விண்ணப்பத்தை யோசிக்காமல் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்றது. ஆதார் இல்லை என்பதற்காக வங்கிச் சேவையை மறுக்கக் கூடாது என்று 2019-இல் திருத்திய சட்டமே சொல்கிறது. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், ஊரக வேலைத் திட்ட அட்டை ஆகியவையும் ஏற்கத்தக்கவை என்று விதி வகுத்தார்கள்.

விதி மீறினால் யாருக்கு என்ன தண்டனை என்று பாருங்கள். கே.ஒய்.சி. விதிகள் சிலவற்றை மீறியதற்காகவும் வேறு குறைகளுக்காகவும் 2023 அக்டோபரில் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி 5 கோடியே 39 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. தொடர்ந்து விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2024 ஜனவரி 31-இல் தடையும் விதித்தது. அதே ஆண்டு மார்ச் 15-க்குப் பிறகு அதன் கணக்குகளிலும் பணப்பைகளிலும் புதிதாகப் பணம் போட முடியாமல் போயிற்று. அந்த நடவடிக்கை சரியானதே. ஆனால் கம்பெனிக்கு நோட்டீஸ், விளக்கம் கேட்பு, அவகாசம், பிறகு அபராதம் என்று படிப்படியாக நடந்தது. கூலிக்காரனுக்கோ முதல் படியிலேயே கணக்கு முழுவதும் முடக்கம்.

நாம் கேட்பது பெரிய சலுகை அல்ல. எந்த அடையாள ஆவணமும் இல்லாதவர்கூடப் புகைப்படமும் கைநாட்டும் வைத்துச் 'சிறு கணக்கு' தொடங்கலாம், அதிலிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை எடுக்கலாம் என்பது அரசு வகுத்த விதி. காகிதமே இல்லாதவரை 10,000 ரூபாய்க்கு நம்புகிற அரசு, பத்து வருஷமாக ஒரே கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஒரு காகிதம் பிந்தினால் ஒரு ரூபாய்கூட இல்லை என்பது என்ன கணக்கு? மோசடிப் புகாரில் சிக்கிய கணக்கு வேறு விஷயம். வெறும் கே.ஒய்.சி. பாக்கி என்றால் மாதம் 10,000 ரூபாயாவது எடுக்கவும் அனுப்பவும் விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியை வற்புறுத்துகிறோம். கடிதம் தமிழிலும் வர வேண்டும். தாராவி, ஆன்டாப் ஹில், கல்யாண் போன்ற பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் போட வேண்டும். கூலி போடும் முதலாளிமாரும் வேலைநாளில் வங்கிக்குப் போக அரை நாள் சம்பளத்தோடு விட வேண்டும். கணக்கு வேண்டும் என்று வற்புறுத்தியது அவர்கள்தானே.

இந்தப் பயத்தைத் திருடனும் மோப்பம் பிடித்துவிட்டான். "உங்கள் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, இன்றிரவு கணக்கு மூடப்படும்" என்று தமிழிலேயே பேசுகிறான், அக்கா என்கிறான், அண்ணே என்கிறான். ஒரு இணைப்பை அனுப்பி அழுத்தச் சொல்கிறான், அல்லது உங்கள் திரையை அவன் பார்க்கும்படியான செயலியைப் போடச் சொல்கிறான். ரிசர்வ் வங்கி 2021 செப்டம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் இதை எச்சரித்தது. ஓ.டி.பி.யையும் பின் எண்ணையும் போனில் எந்த வங்கியும் கேட்காது. யு.பி.ஐ. பின் பணம் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு அது தேவையே இல்லை. வீட்டிலிருக்கும் தாய்மாரும் தாத்தா பாட்டிமாரும் இப்படி ஒரு போன் வந்தால் பேசாமல் வைத்துவிடட்டும். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-க்கு அடிக்க வேண்டும். வெட்கப்பட்டு மறுநாள் வரை மறைத்தால் பணம் பல கை மாறிவிடும்.

கணக்கு முடங்கிய தோழர்கள் வாய்ப் பதிலோடு திரும்ப வேண்டாம். உறுதிமொழியை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்து மூலம் புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக்கு வாருங்கள், நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். வரும்போது பாஸ்புக்கையும், வந்த குறுஞ்செய்தி அழிக்கப்படாமல் இருக்கும் கைபேசியையும் கையோடு கொண்டுவாருங்கள்.