ஆறரை மணிக்குத் திறக்கிற கேட்

ஓட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவாங்க. சோம்பேறியா இருந்தேன், ஓட ஆரம்பிச்சேன், வாழ்க்கையே மாறிடுச்சு. அதை நான் எழுதப் போவதில்லை, உங்க இன்ஸ்டாவில் அதற்கு ஏற்கனவே ஆயிரம் ரீல்ஸ் இருக்கு. நான் எழுத வந்தது ஒரு கேட்டைப் பற்றி. லேடீஸ் ஹாஸ்டல் கேட். காலை 6.30க்குத்தான் திறக்கும்.

முதல்ல ஒரு கணக்கு போடுவோம். நம்ம கிரவுண்டு டிராக் ஒரு ரவுண்டு 400 மீட்டர். பன்னிரண்டரை ரவுண்டு போனால் 5 கிலோமீட்டர். நிதானமா ஓடுறவங்களுக்கு 40 நிமிஷம். முன்னாடி கொஞ்சம் நடை, முடிச்சதும் கொஞ்சம் ஸ்ட்ரெச்சிங், எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். கேட் திறந்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, கிரவுண்டுக்குப் போய்ச் சேர 6.40. முடிக்கும்போது 7.40. திரும்பி வந்தா பாத்ரூமுக்கு க்யூ. 8.15க்கு மெஸ் மூடிடும். 8.30க்கு முதல் ஹவர். ஏப்ரல் மாசத்தில் இதோட வெயிலையும் சேர்த்துக்கோங்க. பாய்ஸ் ஹாஸ்டல் பசங்க 5.15க்கே டிராக்கில் இருக்காங்க. சாயங்காலம் ஓடலாமேன்னு கேட்பீங்க. அப்போ டிராக் நடுவில் ஒரு கிரிக்கெட் மேட்ச், ஒரு ஃபுட்பால் மேட்ச், 6.30க்கு எங்க கேட் மறுபடியும் மூடிடும்.

அதனால் ஐந்தாவது செமஸ்டரில் நாங்க மூணு பேர் ஹாஸ்டல் கட்டடத்தையே சுற்றி ஓட ஆரம்பிச்சோம். ஒரு சுற்று 180 மீட்டர், டேப் பிடிச்சு அளந்தோம். இன்ஜினியரிங் படிச்சதுக்கு அதாவது உபயோகம். 28 சுற்று போனால் 5 கிலோமீட்டர் தாண்டிடும். துணி காயப்போடுற கம்பிக்குக் கீழே குனியணும், வார்டன் மேடம் ஸ்கூட்டியை ஒட்டித் திரும்பணும். தரை முழுக்க சிமெண்ட். ஒரே பக்கமா திரும்பித் திரும்பி முட்டி வலிக்கும்னு பாதியில் திசை மாத்திக்குவோம். முதல் வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை. வாரத்துக்கு மூணு நாள். 1996இல் ஜோஷ் கிளார்க் என்பவர் புதுசா ஓடுறவங்களுக்காகப் போட்ட ஒன்பது வாரத் திட்டம் இது, ‘கௌச் டு ஃபைவ் கே’ன்னு தேடினா கிடைக்கும். எங்களுக்கு ஒன்பது வாரம் போதலை. இன்டர்னல்ஸ், தீபாவளி லீவு, மழை எல்லாம் சேர்ந்து நாலு மாசம் ஆச்சு.

புதுசா வர்ற ஜூனியர்ஸ் முதல் நாளே நூறு மீட்டர் ரேஸ் மாதிரி பறந்துட்டு, மூணாவது நாள் காணாமப் போயிடுறாங்க. பக்கத்தில் ஓடுறவங்களோட முழு வாக்கியமா பேச முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா வேகத்தைக் குறைங்க. அவ்வளவு மெதுவா ஓடினால் கேவலமா இருக்குமேன்னு தோணும். இருக்கட்டும். மூச்சு சீக்கிரம் பழகிடும், எலும்பும் தசைநாரும் பழக இன்னும் நாளாகும். அதுக்கு டைம் கொடுக்கத்தான் மெதுவா ஓடச் சொல்றது. இன்னொன்று, பீரியட்ஸ் நாளில் ஓடலாமான்னு கேட்கிறாங்க. உடம்பு ஒத்துக்கிட்டா ஓடலாம், வலிச்சா போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கலாம். ரெண்டும் தப்பில்லை.

இதனால் எனக்கு என்ன கிடைச்சது? ப்ளேஸ்மெண்ட் கிடைச்சதுன்னு சொன்னா பொய். ஐந்து கம்பெனி வரிசையா என்னை வேணாம்னு சொன்னாங்க, நான் வாரம் மூணு நாள் ஓடிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா ரிஜெக்ட் ஆன மறுநாள் காலையிலும் கீழே ரெண்டு பேர் ஷூ லேஸ் கட்டிக்கிட்டுக் காத்திருப்பாங்க, இறங்கிப் போயே ஆகணும். அந்த அரை மணி நேரம் யாரும் பேக்கேஜ் பற்றிப் பேசமாட்டோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. சின்ன வயசிலிருந்து என் உடம்பைப் பற்றிக் கேட்ட பேச்செல்லாம் அது பார்க்க எப்படி இருக்குங்கிறதைப் பற்றித்தான். கறுத்துட்டே, குண்டாயிட்டே, இளைச்சுட்டே. அதால் என்ன செய்ய முடியும்னு ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. 28 சுற்று ஓட முடியும்னு இப்போ தெரியும். ஊருக்குப் போகும்போது அத்தை “என்னடி இப்படிக் கறுத்துட்டே?” என்றால் முன்னாடி மாதிரி அழுகை வர்றதில்லை.

பெண்கள் ஓடுறதுக்கு ‘பாதுகாப்பு’ என்று சொல்லித் தடை போடுவது நம்ம ஹாஸ்டலில் ஆரம்பிச்ச கதை இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் பெண்கள் 800 மீட்டர் ஓடினாங்க. ஓடி முடிச்சவங்க களைச்சுப் போயிட்டாங்க, இது பெண்களுக்கு ஆகாது என்று சொல்லி அந்தப் போட்டியையே தூக்கிட்டாங்க. மறுபடியும் வந்தது 1960இல். ஆண்கள் களைச்சுப் போனால் அதுக்குப் பேர் வீரம்! 1967இல் கேத்ரின் ஸ்விட்சர் பாஸ்டன் மராத்தான் ஓடிக்கிட்டிருக்கும்போது, போட்டி அதிகாரி ஒருத்தர் ரோட்டில் இறங்கி அவரைப் பிடிச்சுத் தள்ளப் பார்த்தார். ஸ்விட்சர் ஓடி முடிச்சார். பெண்கள் அங்கே முறைப்படி ஓட 1972 வரைக்கும் ஆச்சு. ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு மராத்தான் வந்தது 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான். அதே ஒலிம்பிக்ஸில்தான் நம்ம பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை விட்டார்.

வார்டன் மேடம் கெட்டவங்க இல்லை. ஏதாவது ஒன்று ஆச்சுன்னா, முதல் போன் அவங்களுக்குத்தான் வரும். வீட்டில் அப்பாவும் “இருட்டுல எதுக்கும்மா?” என்றுதான் கேட்டார். அந்தப் பயம் எனக்கும் புரியுது. ஆனா கிரவுண்டு காம்பவுண்டுக்கு உள்ளேதான் இருக்கு. செக்யூரிட்டி அண்ணா ராத்திரி முழுக்க ரோந்து போறார். வெளிச்சம் போதலைன்னா ரெண்டு லைட் போட வேண்டியதுதானே? இருட்டு பயம்னா இருட்டைச் சரி பண்ணணும், எங்களைப் பூட்டி வைக்கக் கூடாது. நாங்க கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. வாரத்தில் மூணு நாள், 5.30க்குக் கேட் திறக்கணும். பேர் கொடுத்தவங்க மட்டும் ரிஜிஸ்டரில் எழுதிட்டுக் குரூப்பா போவோம். பேரண்ட்ஸ் லெட்டர் கேட்டால் அதையும் வாங்கித் தர்றோம், கசப்போடதான். பாய்ஸ் ஹாஸ்டலுக்கும் அதே லெட்டர் கேட்பாங்களான்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்.

பசங்களா, இதைப் படிச்சிட்டு “சூப்பர் சிஸ்டர்” என்று கமெண்ட் போட வேண்டாம். நாங்க டிராக்குக்கு வர்ற அன்னைக்கு போனை எடுக்காம இருங்க. விசில் வேணாம், “இன்னும் வேகமா!” என்ற கோச்சிங்கும் வேணாம். உள் லேனில் ஒரு வழி விட்டால் போதும்.

லெட்டர் ஸ்டூடண்ட் கவுன்சில் ரூமில் இருக்கு. இதுவரைக்கும் 63 கையெழுத்து, அதில் 11 பாய்ஸ். வெள்ளிக்கிழமை பிரின்சிபல் ஆபீஸில் கொடுக்கிறோம். ஓடுறவங்கதான் போடணும்னு இல்லை. பேனாவை நூல் கட்டி அங்கேயே வெச்சிருக்கோம்.