இன்ஷூரன்ஸ் பணமும் கிராம வைத்தியமும்

ஏழை ஜனங்களுக்குப் பெரிய வியாதி வந்தால் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்பதற்காகத் தமிழ்நாட்டில் சர்க்கார் இன்ஷூரன்ஸ் ஏற்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் அது தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறியது. 2018-ல் மத்திய சர்க்காரின் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிலைத்ததற்குக் காரணம், அதனால் உயிர் பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பதுதான். அந்த நன்மையை நாம் குறைத்துக் கூற விரும்பவில்லை. ஆனால் அந்தப் பணம் எந்த இடத்தில், எந்த வேளையில், எந்த முறையில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பற்றிப் பொது ஜனங்கள் யோசித்தாக வேண்டும்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடவு வேலைக்குப் போகும் ஸ்திரீ ஒருத்திக்கு நீரிழிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேற்றிலே நாள் முழுதும் நிற்கும் காலில் புண் ஏற்படுகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைச் சோதித்து, மாத்திரை கொடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டி, இரண்டு வாரம் கவனித்தால் கால் பிழைக்கும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் இந்தச் சிறு காரியத்திற்கு இன்ஷூரன்ஸிலிருந்து சல்லிக் காசு பெயராது. கவனிப்பாரின்றிப் புண் அழுகி, அவள் சிதம்பரத்திற்கோ கடலூருக்கோ தூக்கிச் செல்லப்பட்டு, படுக்கையில் சேர்க்கப்பட்டு, கால் விரலையோ காலையோ எடுக்கும் நிலை வந்த பிறகுதான் இன்ஷூரன்ஸ் பணப்பை திறக்கிறது. ரத்தக் கொதிப்பின் கதையும் இதுவே. மாத்திரைக்குப் பணம் தராத திட்டம், மூத்திரக் காய் கெட்ட பிறகு ரத்தத்தைச் சுத்தி செய்யும் டயாலிஸிஸுக்குப் பணம் தருகிறது.

இது யாருடைய கொடுமையாலும் நேர்ந்ததன்று. பணம் கொடுக்கும் முறையால் நேர்ந்தது. 2022 ஜனவரியிலிருந்து ஐந்தாண்டுக்கு யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனியுடன் செய்யப்பட்ட ஒப்பந்தப்படி, சுமார் 1.37 கோடி குடும்பங்களுக்கு, குடும்பமொன்றுக்கு ஆண்டொன்றுக்கு 849 ரூபாய் பிரீமியமாக நிச்சயிக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்குத் தொகை தரப்படுவது சிகிச்சைக் கணக்கின்படி. சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் இவ்வாறு பணம் பெற்றுத் தம் தேவைகளைப் பூர்த்தி செய்துகொள்ள முடிகிறது. அது நல்லதே. ஆனால் பெரிய சிகிச்சை செய்ய வசதியில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு இந்த வருமானம் பெரும்பாலும் எட்டாக்கனி. நோயாளி அதிகமானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவு. நோயாளியைக் குறைத்த கிராம வைத்தியருக்கோ யாதொரு வரவும் இல்லை.

சர்க்கார் கிராமத்தை மறந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவு, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்க வகை செய்தது. அதற்கு முன்பே 2017-ல் சூளகிரி, விராலிமலை முதலிய வட்டாரங்களில் துணை சுகாதார நிலையங்களைப் பலப்படுத்திப் பார்த்ததில், ஜனங்கள் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஓடாமல் அருகிலுள்ள நிலையத்தை நாடும் வழக்கம் கணிசமாக உயர்ந்தது. வசதி இருந்தால் கிராமவாசி அதை உபயோகிப்பான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. குறை என்னவெனில், இன்ஷூரன்ஸ் ஒரு பையிலும், கிராம சுகாதாரம் வேறொரு பையிலும் இருக்கின்றன. கிராமத்தில் நடக்கும் நல்ல வேலையால் மிச்சமாகும் பணம் அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் திரும்பிச் செல்வதில்லை.

வேறு முறை உண்டா என்று கேட்கலாம். உண்டு. பிரிட்டனில் 1911-ம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டப்படி, தம்மிடம் பதிவு செய்துகொண்ட தொழிலாளிகளின் தலைக்கு இவ்வளவு என்று வைத்தியர்களுக்கு ஊதியம் தரப்பட்டது. நம் நாட்டிலும் 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் ஆரம்பமான தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ், சில ராஜ்யங்களில் அதே முறையைக் கையாண்டது. தாய்லாந்து 2002-ல் எல்லோருக்கும் வைத்தியம் என்ற திட்டத்தை ஏற்படுத்தியபோது, தலைக்கு 1,202 பாத் என்று கணக்கிட்டுத் தொகை ஒதுக்கியது. புறநோயாளி சிகிச்சைக்கான பங்கை, பதிவான ஜனத்தொகையின்படி உள்ளூர் ஆஸ்பத்திரியும் சுகாதார நிலையங்களும் சேர்ந்த அமைப்புகளிடம் முன்கூட்டியே ஒப்படைத்தது. வைத்தியச் செலவால் ஓட்டாண்டியாகும் குடும்பங்கள் அங்கே குறைந்தன. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்ட் ஸ்தாபனம் 2009-ல், சிகிச்சைக்குச் சிகிச்சை பணம் தருவதை விடுத்து, ஒரு ஜனத்தொகைக்கு ஆண்டுத் தொகை நிர்ணயித்து, குணம் உயர்ந்தால் மேற்கொண்டும் தரும் ஒப்பந்தத்தை வைத்தியர் சங்கங்களுடன் செய்துகொண்டது. செலவு ஏறும் வேகம் தணிந்ததையும் சிகிச்சையின் தரம் உயர்ந்ததையும் ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

இம்முறையைப் பரீக்ஷிப்பதற்குக் கடலூர் ஜில்லா மிகவும் ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். வடக்கே கடலூரில் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. தெற்கே அண்ணாமலை நகரில், 1985-ல் ஏற்பட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து, 2021-ல் சுகாதார இலாகாவின் வசமான மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இடையிலும் மேற்கிலும் மீனவர் குப்பங்களும், கொள்ளிடத்திற்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட நெல் வயல் கிராமங்களும் இருக்கின்றன. புயலும் வெள்ளமும் இப்பகுதியை அடிக்கடி வருத்துகின்றன. 2011 டிசம்பரில் வந்த தானே புயலை இந்த ஜில்லா ஜனங்கள் மறக்கமாட்டார்கள். சாலைகள் துண்டிக்கப்பட்ட நாளில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தும் பயனில்லை. நடந்து போகக்கூடிய நிலையம்தான் கைகொடுக்கும்.

ஆகவே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி தாலூகாக்களில் முதலில் இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாகட்டும். பிரீமியத்தில் ஒரு பங்கு, பதிவானவர்களின் தலைக்கணக்குப்படி, முன்பணமாக அந்த நிலையத்திற்குச் சேரட்டும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருப்பவர்களின் தொகை ஆண்டுதோறும் உயர்ந்தால் மேற்கொண்டு ஒரு தொகை கொடுக்கட்டும். கம்பெனிக்கு மிச்சமாவதில் ஒரு பாகம் அதே நிலையத்தின் நர்ஸுக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் திரும்பட்டும். ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்யும் கம்பெனிக்குப் பத்தாண்டு கழித்து வரும் லாபத்தில் அக்கறை பிறக்காது. ஆதலால் இந்த நிபந்தனைகளைச் சர்க்காரே ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இதில் அபாயங்கள் இல்லாமல் இல்லை. தலைக்கணக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு நோயாளியைத் தட்டிக்கழிக்கும் வைத்தியர் இருக்கலாம். பரிசுத் தொகைக்காகப் பொய்க் கணக்கு எழுதுவோரும் இருக்கலாம். பிரிட்டன் 2004-ல் குறியீடுகளுக்குப் பணம் தரத் தொடங்கியபோது, பரிசு உள்ள வியாதிகளில் கவனம் கூடியது, பரிசில்லாதவை பின்தங்கின. ஆகையால் குறிக்கோள்கள் சிலவாகவே இருக்க வேண்டும். கணக்கைச் சோதிப்பவர்கள் வெளியாராக இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவப் பிரிவு மாணவர்களை வீடு வீடாக அனுப்பிச் சரிபார்க்கலாம். கணக்குகளைக் கிராம சபையில் வாசிக்கச் செய்தால் அதைவிடச் சிறந்த தணிக்கை வேறில்லை. எக்காரணத்தைக் கொண்டும் பெரிய சிகிச்சைக்கான உரிமையைக் குறைத்து இந்தப் பணத்தைத் தேடக் கூடாது. இன்று நோயுற்றிருப்பவனின் பங்கைப் பிடுங்கி நாளைய சுகத்திற்கு அஸ்திவாரம் போடுவது தர்மமாகாது.

பணம் கொடுக்கச் சக்தியில்லை என்ற காரணத்தால் எவனும் வைத்தியமின்றி விடப்படலாகாது என்ற கொள்கையின் மீது, கிராமப்புறங்களில் சுகாதார நிலையங்கள் எழ வேண்டுமென்று 1946-ல் போர் கமிட்டி தன் அறிக்கையில் வற்புறுத்தியது. அக்கமிட்டியில் நம் சென்னையின் லக்ஷ்மணஸ்வாமி முதலியாரும் ஓர் அங்கத்தினர். கட்டடங்கள் பல எழுந்துவிட்டன. கொள்கை பாதிதான் நிறைவேறியிருக்கிறது. மீதிப் பாதிக்குப் பணமில்லை என்று சொல்ல முடியாது. ஏழைகளின் பெயரால் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பிரீமியம் கட்டப்படுகிறது. அதில் ஒரு பங்கு கால் அழுகும் முன்பே கிராமத்திற்குப் போய்ச் சேரும்படி, அடுத்து எழுதப்படும் இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்திலேயே சர்க்கார் வழி செய்ய வேண்டும். கடலூர் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி இதைக் கோர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.