முதியோர் இல்லமும் நம் கண்ணீரும்

நம் சிறுகதைகளில் முதியோர் இல்லம் என்பது ஒரு குற்றப்பத்திரிகை. அமெரிக்காவில் ஒரு மகன், முகங்கொடுத்துப் பேசாத மருமகள், ஜன்னலோரம் காத்திருக்கும் தாய். இதையே எழுதுகிறோம், இதையே வகுப்பிலும் நடத்துகிறோம் (நானும் நடத்தியிருக்கிறேன், மாணவிகள் அழுதிருக்கிறார்கள்). அந்தத் தாய் எதனால் இறந்தாள் என்று மட்டும் நான் படித்த கதை எதுவும் கேட்டதில்லை. ஏக்கத்தால் என்று முடித்துவிடுகிறோம். நிமோனியாவுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் புரையோடிய படுக்கைப்புண்ணுக்கும் நம் இலக்கியத்தில் இடமில்லை.

என் பழைய தமிழாசிரியர் பம்மலில் அப்படியோர் இல்லத்தில் எட்டு மாதம் இருந்தார். வாடகை வீடு. ஓர் அறையில் ஆறு கட்டில். ஏ.சி.க்காகச் சாத்திய ஜன்னல்கள். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, பணிப்பெண் ஒருவர் ஒரே ஜோடிக் கையுறையுடன் ஒருவருக்கு டயப்பர் மாற்றி, அடுத்தவரின் சிறுநீர்ப் பையைக் காலிசெய்து, ஐயாவுக்குக் கஞ்சி புகட்ட வந்தார். அந்தக் கையுறை காத்தது அவர் கையை, கிழவர்களை அல்ல. சொன்னபோது இல்லத்துக்காரர் புண்பட்டுப் போனார். "பெத்த அப்பா மாதிரி பாத்துக்கறோம் சார்" என்றார். பொய்யில்லை, அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஐயா திடீரென்று ஆள் தெரியாமல் பேசத் தொடங்கினார். வயதாகிவிட்டது என்றார்கள். முதியவர்களுக்குத் தொற்று கண்டால் காய்ச்சலே வராமலும் போகலாம், இத்தகைய குழப்பமே முதல் அறிகுறியாகலாம் என்பது அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கும்தான். நான்காம் நாள் மருத்துவமனையில், சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவிவிட்டது என்றார்கள். ஐயா திரும்பவில்லை.

இத்தனைக்கும் இது சானடோரியம் இருக்கும் பகுதி. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக அதைத் தொடங்கியபோது ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. காற்றும் வெளிச்சமும் ஓய்வும்தான் அன்றைய சிகிச்சை. அந்த மருத்துவமனை இன்றும் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைக்கும் அறிவு மட்டும் ரயில் நிலையத்தின் பெயரோடு நின்றுவிட்டது.

ஏழை நாட்டில் இவ்வளவுதான் முடியும் என்பார்கள் நண்பர்கள். 2020இல் அமெரிக்காவின் கிர்க்லாண்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொரோனாவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோய் அறிகுறிகளோடு ஊழியர்கள் வேலைக்கு வந்ததும், ஒரே ஆள் பல இல்லங்களில் பணிசெய்ததும் பரவலுக்குக் காரணங்கள் என்று அந்நாட்டு அரசின் ஆய்வே சொன்னது. நம் பணிப்பெண்ணுக்கு இருமினால் என்ன செய்வார்? விடுப்பெடுத்தால் அன்றைய கூலி இல்லை. ஆகவே வருவார். பிள்ளைகளின் நன்றியின்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் இந்தக் கூலியைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா? 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்திலும் முதல் அக்கறை பிள்ளைகள் தரவேண்டிய தொகையைப் பற்றியதே.

அடுத்தமுறை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு யாரையேனும் பார்க்கப்போகும் நண்பர்கள், கண் கலங்குவதற்கு முன் கட்டிலிலிருந்து தண்ணீர்க் குழாய் எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்று பார்க்கட்டும். ஐயாவின் அறைக்கு அது மாடிப்படிக்கு அடியில், பின்கட்டில் இருந்தது. சோப்பு இல்லை.