தலைவலி மாத்திரையில் காஃபின்: எவ்வளவு உதவும், எப்போது தீங்காகும்?

காபி, தேநீர் மட்டுமன்றி, மருந்துக் கடைகளில் கிடைக்கும் பல தலைவலி மாத்திரைகளிலும் காஃபின் உள்ளது. அது வலியைத் தணிக்கத் துணைபுரிகிறது; அளவு மீறினால் அதுவே தலைவலிக்குக் காரணமாகிறது. எனவே இதனை எத்தனை நாள், எவ்வளவு உட்கொள்கிறீர்கள் என்பதை நீங்கள் கவனிப்பது அவசியம்.

வலி நிவாரணத்தில் காஃபினின் பங்கு என்ன?

உடலில் உருவாகும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் உறக்கத்தைத் தூண்டுகிறது. மூளையின் இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. காஃபின் அதன் செயலைத் தடுக்கிறது. பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற மருந்துகளுடன் 100 மி.கி. அல்லது அதற்கு மேல் காஃபின் சேர்த்தால், நல்ல நிவாரணம் பெறுவோர் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை கூடுகின்றனர் என 2014ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தெரிவிக்கிறது. இது பயனுள்ளதே, ஆயினும் சிறிய பயனே.

மாத்திரையே தலைவலியை உண்டாக்குமா?

உண்டாக்கக்கூடும். அடிக்கடி தலைவலி உள்ளவர்கள், காஃபின் சேர்ந்தவை போன்ற கூட்டு வலி நிவாரணிகளை மாதத்தில் 10 நாட்கள் அல்லது அதற்கு மேலாக, மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டால், மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி ஏற்படலாம். பாராசிட்டமாலை மட்டும் உட்கொள்வோருக்கு இவ்வரம்பு 15 நாட்கள்.

நாள்தோறும் 200 மி.கி.க்கு மேல் காஃபின் அருந்திப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால், 24 மணி நேரத்திற்குள் தலைவலி தோன்றலாம். அந்நிலையில் காபி அருந்தியதும் வலி நீங்குவதால் காபியை மருந்தென்று கருதுகிறோம். உண்மையில் காபி கிடைக்காததே அவ்வலிக்குக் காரணம். விரத நாட்களிலும், அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கும்போதும் இது நேரலாம். நோயாளியின் காபிப் பழக்கத்தைப் பராமரிப்பாளர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மூளை நலம் குறித்த செய்திகளை எவ்வாறு புரிந்துகொள்வது?

நாளொன்றுக்கு 6 கோப்பைக்கு மேல் காபி அருந்துவோருக்கு மூளையின் கன அளவு குறைவாகவும், மறதிநோய் வாய்ப்பு கூடுதலாகவும் இருந்ததை 2021இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஹவாயில் 8,000 ஆண்களிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்விலோ, காபி அருந்துவோரிடையே பார்கின்சன் நோய் குறைவாகக் காணப்பட்டது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவேயன்றி, காரணத்தை நிறுவுவதில்லை. பார்கின்சன் நோயாளிகளுக்குக் காஃபின் கொடுத்துச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் உடல் இயக்கத்தில் முன்னேற்றம் ஏற்படவில்லை. ஆகவே, மூளை நலத்திற்கான மருந்தாகக் கருதிக் காபியைக் கூட்ட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 300 மி.கி. காஃபினுக்கு மேற்படாதிருங்கள். 150 மி.லி. வடிகட்டிய காபியில் 80–120 மி.கி., உடனடிக் காபியில் 50–65 மி.கி., தேநீரில் 30–65 மி.கி. உள்ளது. மாத்திரையில் உள்ள அளவையும் இதனுடன் சேர்த்துக் கணக்கிடுங்கள்.
• மாத்திரை உட்கொண்ட நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாதத்தில் 10 நாட்களை நெருங்கினால் மருத்துவரை அணுகுங்கள்.
• காபியைக் குறைக்க விரும்பினால் படிப்படியாகக் குறையுங்கள். உறக்கம் கெடாதிருக்க, மாலைக்குப் பின் காபியைத் தவிர்ப்பது நல்லது.
• கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரின் ஆலோசனையின்றி இத்தகைய மாத்திரைகளை உட்கொள்ளக் கூடாது.
• திடீரெனக் கடுமையான தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வைக் குறைபாடு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்புலன்ஸ் உதவிக்கு 108ஐ அழையுங்கள்.