கூப்பிடாமல் வந்த மெக்கானிக்

காலை பதினொரு மணிக்கு மேல், மாலை நான்கு மணிக்குள் வீட்டுக்கு வரும் போன்களைக் கவனித்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். வீட்டில் வயதானவர்கள், அல்லது தனியாக ஒரு பெண். அப்போதுதான் அந்தக் குரல் வரும். "மேடம், உங்க ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் டியூ ஆயிடுச்சு. ஆறு மாசமா ஃபில்டர் மாத்தலைன்னு சிஸ்டத்துல காட்டுது. எங்க டெக்னீஷியன் இன்னைக்கு உங்க ஏரியாவுலதான் இருக்காரு, அனுப்பட்டுமா? செக்கப் ஃப்ரீதான்." குரலில் பணிவு இருக்கும். நம் பெயர் தெரியும், தெரு தெரியும். சில சமயம் என்ன மாடல், எந்த வருஷம் வாங்கியது என்பதுகூடத் தெரிந்திருக்கும்.

இந்தக் கடைசித் தகவலில்தான் பலர் விழுந்துவிடுகிறார்கள். கம்பெனிக்காரனாக இல்லாவிட்டால் மாடல் எப்படித் தெரியும் என்று நினைக்கிறார்கள். பில் போடும்போது கடையில் சொன்ன நம்பர், வேலையை விட்டுப் போன டெக்னீஷியனின் நோட்டுப் புத்தகம், பொருட்காட்சியில் நிரப்பிப் போட்ட பரிசுச் சீட்டு எல்லாமே கைமாறக்கூடியவை. நம் விவரம் ஒருவனிடம் இருப்பதால் மட்டும் அவனுக்கு நம் சமையலறைக்குள் வர உரிமை வந்துவிடாது.

குரோம்பேட்டையில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சமீபத்தில் இப்படி ஒரு போன் வந்தது. மதியமே இரண்டு பையன்கள் வந்துவிட்டார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, முதுகில் பை. வெயிலில் வந்த பிள்ளைகள் என்று பெரியம்மா முதலில் மோர் கொடுத்திருக்கிறார். ஐந்தாவது நிமிடம், மெஷினுக்கு வெளியே தனியாக மாட்டியிருந்த கேண்டிலைக் கழற்றி ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தார்கள். செம்மண் நிறத்தில், தொட்டால் வழவழவென்று இருந்தது. "பாருங்கம்மா, இவ்வளவு நாளா இதைத்தான் குடிச்சிட்டிருக்கீங்க." பெரியம்மாவுக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. அவருக்குச் சிறுநீரகக் கல் உண்டு. அதைப் பேச்சுவாக்கில் அவரே சொல்லியிருக்கிறார். கல் வந்ததே இந்தத் தண்ணீரால்தான் என்று இன்னொரு பையன் பிடித்துக்கொண்டான். மெம்பரேன் போய்விட்டது, பம்ப்பும் போகப்போகிறது, ஒரு வருஷத்துக்கு ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால் எல்லாம் அதிலேயே அடங்கும் என்று சொல்லி 6,800 ரூபாய் கேட்டார்கள். வீட்டில் 5,000 தான் இருந்தது. மீதியைப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கொடுத்தார். அவர்கள் கொடுத்துவிட்டுப் போன சிட்டையில் ஒரு பெயர் இருந்தது, முகவரி இல்லை. அதிலிருந்த நம்பர் மறுநாளே உபயோகத்தில் இல்லை.

அந்தத் தட்டில் கிடந்த கேண்டிலைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அது அழுக்காக இருப்பதுதான் அதன் வேலை. நூல் சுற்றியது போலிருக்கும் அந்த வெள்ளைக் குழாய், தொட்டியிலிருந்து வரும் மண்ணையும் துருவையும் மெஷினுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. வடிகட்டியில் தேயிலைத் தூள் இருக்கிறதே, அப்படியானால் டம்ளரிலும் தூள்தான் இருக்கும் என்று யாராவது சொல்வோமா? போர் தண்ணீர் வரும் வீட்டில் சில மாதங்களிலேயே கேண்டில் பழுப்பாகிவிடும். அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். அது பிடித்து நிறுத்திய அழுக்கையே காட்டி, குடித்த அழுக்கு என்று சொல்வதுதான் இந்த வியாபாரத்தின் முதல் வித்தை.

உப்பை வடிகட்டும் மெம்பரேன் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெஷினுக்குள் போகும் தண்ணீரில் 1,200 காட்டி, வெளியே வரும் தண்ணீரில் 80, 100 என்று காட்டினால் மெம்பரேன் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். வந்தவன் கையிலுள்ள மீட்டரை மட்டும் நம்பிப் பயனில்லை. பல மெஷின்களில் உள்ளே ஒரு சின்ன வால்வு இருக்கும். சுத்திகரித்த தண்ணீரோடு மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து ருசி கூட்டுவதற்காக வைத்தது. அதைக் கொஞ்சம் திருகினால் போதும், 80 காட்டிய மீட்டர் 400 காட்டும். நம் கண்ணெதிரே நடந்தாலும் நமக்குத் தெரியாது. பெரியம்மா வீட்டு மெஷினை ஆரம்பத்தில் மாட்டிக் கொடுத்தவர் அதே பகுதிக்காரர். பிறகு அவரை வரவழைத்துத் திறந்து பார்த்தோம். அந்தப் பையன்கள் புதிதாக மாற்றிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போன மெம்பரேனின் மேல், அவர் மாட்டிய அன்று மார்க்கரில் எழுதி வைத்த தேதி அப்படியே இருந்தது.

புது மெஷின் விற்க வருகிறவர்கள் இன்னொரு வித்தை செய்வார்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் என்று வைப்பார்கள். நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி கரண்ட் கொடுப்பார்கள். நம் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழ் விட்டு, பச்சையாகிப் பழுப்பாகிச் சாக்கடையாக மாறும். அவர்களுடையது தெளிவாகவே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு உடம்பு நடுங்கும். ஆனால் அந்த நிறம் தண்ணீரிலிருந்து வருவதில்லை. தண்ணீரில் கரைந்துள்ள உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, அந்த மின்சாரத்தில் கருவியின் இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. டம்ளரில் மிதப்பது அந்தக் கம்பியின் துரு. சந்தேகமிருந்தால் அவர்களுடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும். பத்தாம் வகுப்பு வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே விளக்கிவிடும்.

இதனால் ஆர்.ஓ. மெஷினே ஏமாற்று என்று சொல்லவில்லை. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் பல தெருக்களில் நிலத்தடி நீரை வாயில் வைக்க முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. தேவையில்லை, அது தண்ணீரை வீணாக்குகிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019ல் சொன்னது. டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் அளக்கும், கிருமியைக் காட்டாது. உங்களுக்கு எது தேவை என்பதை உங்கள் தண்ணீரைப் பரிசோதித்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு டம்ளரோடு வருகிறவர் முடிவு செய்யக் கூடாது.

கேஸ் விஷயத்தில் பயம் இன்னும் சுலபமாக வேலை செய்கிறது. "கேஸ் கம்பெனியிலிருந்து வர்றோம், செக்கிங்" என்று சொன்னால் கதவு தானாகத் திறந்துவிடுகிறது. அடுப்பைத் திருப்பிப் பார்த்து, டியூபை மடக்கிப் பார்த்து, வெடித்துவிடும் என்று சொன்னால் எந்த அம்மாவும் பணத்தை எண்ணி வைத்துவிடுவார். டியூபைச் சோதிப்பது அவசியம்தான், எண்ணெய் நிறுவனங்களே சோதனை செய்கின்றன. அந்த ஆரஞ்சு நிற டியூபுக்கு ஆயுள் ஐந்து வருஷம், அதன்மேலேயே அச்சடித்திருக்கும், நாமே படித்துக்கொள்ளலாம். வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்து, கேஸ் புத்தகத்தில் இருக்கும் ஏஜென்சி நம்பருக்குப் பேசி, இன்னார் வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஏஜென்சி அனுப்பிய ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். உண்மையிலேயே கேஸ் கசிந்தால் இரவு பகல் எந்நேரமும் 1906க்குப் பேசலாம். கசிவைச் சரிபார்க்க, தற்செயலாக வாசலில் வந்து நிற்பவர் வேண்டியதில்லை.

இதே பயம் போனிலும் வருகிறது. "இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்ற செய்தியைப் பார்க்காதவர்கள் குறைவு. பத்து இலக்கச் செல்போன் நம்பர் ஒன்று அதிலேயே இருக்கும். கூப்பிட்டால், பில் அப்டேட் ஆகவில்லை, இந்த ஆப்பை இறக்கிப் பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள் என்பான். அந்த ஆப் நம் போன் திரையை அவனுக்கு அப்படியே காட்டும். தமிழ்நாடு மின்வாரியத்தில் பில் கட்ட ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் உண்டு. சந்தேகம் என்றால் வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண் இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வீட்டில் நடக்கும் எந்தப் பழுதுவேலையும் நம்மிடமிருந்து தொடங்க வேண்டும். மெஷின் ஓடவில்லையா, ஏ.சி. குளிரவில்லையா, கரையான் வந்திருக்கிறதா, நாம் பார்த்து, நாம் தேடி, நாம் கூப்பிட வேண்டும். அவர்கள் முதலில் கூப்பிட்டால், சொல்வது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம். "வீட்டுல கேட்டுட்டு நானே கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிடலாம். நிஜமான கம்பெனியாக இருந்தால் நாளைக்கும் இருக்கும். இன்றைக்கே, இப்போதே, இந்தச் சலுகை சாயங்காலத்தோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினால் அதுவே போதிய காரணம்.

நாம் கூப்பிடுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கூகுளில் கம்பெனி பெயரையும் கஸ்டமர் கேர் என்பதையும் சேர்த்துத் தேடினால் முதலில் வந்து நிற்பது கம்பெனியின் நம்பராகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதே பெயரில் பக்கம் போட்டு நம்பர் வைத்துக் காத்திருக்கிறார்கள். கூப்பிட்டது நாமாக இருந்தும் அகப்பட்டது அவர்களிடம். அதனால் மெஷினின் உடம்பில் ஒட்டியிருக்கும் நம்பர், வாரன்ட்டி அட்டையில் இருக்கும் நம்பர், வாங்கிய கடையின் பில்லில் இருக்கும் நம்பர், இவை மட்டுமே நம்பர். இந்த இடத்தில் கம்பெனிகள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. சொந்த வாடிக்கையாளர் பேசினால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைய விட்டு, நான்கு நாள் கழித்து ஆள் அனுப்புகிறார்கள். அந்த நான்கு நாள் இடைவெளியில்தான் போலி ஆள் நுழைகிறான்.

பணம் போன பிறகு பெரியம்மா யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கைமாற்றைப் பற்றி யதார்த்தமாகப் பேசியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எதுக்கும்மா தனியா வீடு, இங்க வந்துடுன்னு ஆரம்பிச்சிடுவான்" என்றார். தன் வீட்டில் தன் இஷ்டப்படி இருக்கும் உரிமை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. ஏமாற்றியவனை விடப் பெற்ற பிள்ளையின் கேள்விக்குப் பயப்படும் நிலையில் நாம் பெரியவர்களை வைத்திருக்கிறோம். "படிச்சவங்கதானே, இது கூடத் தெரியலையா" என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். வாய் திறக்காவிட்டால் அதே கும்பல் பக்கத்துத் தெருவில் அதே தட்டையும் கேண்டிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வாய் திறந்தால் செய்ய முடிவது நிறைய இருக்கிறது. ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். பொருள், சர்வீஸ் குறித்த புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கொடுக்காமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாற்றிய பழைய பாகத்தை நம்மிடமே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். உண்மையிலேயே மாற்றியவர் தயங்க மாட்டார்.

இது தனித்தனி வீடுகளின் சாமர்த்தியத்தோடு முடிகிற விஷயமாகவும் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் வீட்டுக்கு வந்து விற்றதை மூன்று வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் விதி 1970களிலிருந்தே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள் அவகாசம் உண்டு. நம் ஊரில் சமையலறையில் நின்று கையெழுத்தாகும் ஏ.எம்.சி.க்கு அப்படியொரு பொதுவான உரிமை கிடையாது. அது வேண்டும். கூடவே, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு கம்பெனியும் அந்த ஆளின் பெயரையும் படத்தையும் புகார் எண்ணையும் முன்கூட்டியே வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது கட்டாயமாக வேண்டும். சில கம்பெனிகள் இதை இப்போதே செய்கின்றன. மற்றவர்களும் செய்வதற்கு ஒரு அரசாணை போதும்.